தேசிங்குக்கு ஓர் ஏணி

அல்லிக்குளம் நகரில் அல்லியும் இல்லை, குளமும் இல்லை. இரண்டையும் மண்ணடித்து மேடாக்கி, மேட்டை மனைகளாகப் பிரித்து, மனைகளுக்கு நடுவே தெருக்களை விட்டு, முதல் தெருவின் முனையில் ஒரு வளைவையும் எழுப்பி முடித்த பிறகு, அழித்ததற்கு அடையாளமாகப் பெயரை மட்டும் அவ்வளைவின் நெற்றியில் எழுதிவைத்தார்கள். மனிதர் மறந்தார்கள், தண்ணீர் மறக்கவில்லை. திண்டிவனத்துப் புறவழிச்சாலையை ஒட்டிய அந்தக் களிமண்ணுக்குள் அது முழங்கால் ஆழத்திலேயே படுத்துக் கிடந்தது. ஆகையால் அங்கே வீடு கட்டியவர்கள் எவ்வளவு பெரிய செப்டிக் டேங்கைக் கட்டினாலும், அதன் அருகில் எவ்வளவு ஆழமாக உறிஞ்சுகுழியை வெட்டினாலும், அக்குழி உறிஞ்சுவதற்குப் பதிலாகச் சுரந்தது. தொட்டி வெளியேற்றுவதற்குப் பதிலாக வாங்கிக்கொண்டது. ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால், வீட்டுக்காரர்கள் என்றோ விடைகொடுத்து அனுப்பியவையெல்லாம் கழிப்பறைக் கோப்பையின் விளிம்புவரை திரும்பிவந்து நின்றன.

ஆகவே அந்நகரத்தார் தம் தொட்டிகளை, சொத்தை இன்னும் எழுதிக்கொடுக்காத மாமனாரைப் பேணுவதுபோலப் பேணினார்கள். புதுத் தொட்டியில் சாணத்தைக் கரைத்து ஊற்றினார்கள். அமாவாசைதோறும் வெல்லமும் புளித்த தயிரும் கலந்து விட்டார்கள். ஆசிட் ஊற்றிக் கழுவிய மருமகள்களைக் கடிந்துகொண்டார்கள். காற்றுக்குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டினார்கள். அவ்வப்போது மூடியைத் திறந்து அடிச்சேற்றை எடுக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஏனெனில் திறப்பதற்கு மூடி இருக்குமிடம் தெரிய வேண்டும். அல்லிக்குளம் நகரிலோ மூடி தெரிவது மரியாதைக் குறைவு. வாசலில் டைல்ஸ் பதிக்கும்போதே மூடியின்மேலும் சேர்த்துப் பதித்து, இணைப்பில் வெள்ளைச் சிமெண்டைப் பூசி, தங்கள் வீட்டுக்குக் கீழே அப்படியொன்று இருப்பதையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது.

தணிகாசலம் அந்நகரின் நலச்சங்கத் தலைவர். சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மகனின் திருமண வரவேற்புக்கு இரண்டு நாளே இருந்தபோது, அவர் வீட்டுத் தொட்டி நிறைந்து வழிந்தது. வாசலில் டைல்ஸைப் பெயர்த்து மூடியைக் கண்டுபிடித்தார்கள். கழிவுநீர் லாரியின் சொந்தக்காரனான ஜெயசீலன் குழாயை இறக்கி, மேலே மிதந்த நீரையெல்லாம் உறிஞ்சிய பிறகு கையை உதறினான்.

“அடியில சேறு களி மாதிரி இறுகிப் போயிருக்கு சார். ஓஸ் இழுக்காது. ஆள் எறங்கிக் கொத்திவுட்டாத்தான் உண்டு. ஆனா ஆள எறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது.”

“சட்டத்தை எனக்கே சொல்லித் தர்றியா? கேட்டைச் சாத்திட்டா அது என் வீடு. ஆளைக் கூப்பிடு” என்றார் தணிகாசலம்.

இரயில்வே கேட்டுக்கு அப்பாலிருந்து தேசிங்கு வந்தான். நெடிய, மெலிந்த ஆள். யார் எதைச் சொன்னாலும் முதலில் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசிப்பவன். நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, வாசலில் நின்ற புங்கமரத்தின் கவட்டையில் வைத்தான். மூடியருகே குந்தி மூக்கைச் சுளித்தான்.

“சார், ஒரு நாள் மூடியத் தொறந்தே வுட்டுடுங்க. உள்ள காத்து சரியில்ல. நாளைக்கு எறங்கறன்.”

“நாளைக்குப் பந்தல்காரன் வர்றான். தொட்டி இருக்கிறது வாயு மூலையில. அங்க காத்துக்கு என்னப்பா பஞ்சம்?” என்று தணிகாசலம் சொல்ல, அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள், தேசிங்கும் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஏணியில் கால்வைத்து இறங்கினான்.

சிறிது நேரம் கொத்தும் ஓசை கேட்டது; பிறகு கேட்கவில்லை. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. கயிற்றை இழுத்தார்கள், போட்ட முடிச்சு போட்டபடியே இருக்க, நடுவில் ஆளில்லாத வளையமாக அது மேலே வந்தது. குனிந்து பார்த்தவர்களுக்குக் கறுப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. “போயிட்டான் சார்” என்ற ஜெயசீலன், தன் ஏணியை உருவி லாரியில் ஏற்றிக்கொண்டு, வளைவைத் தாண்டும்வரை இரண்டாவது கியரிலேயே ஓட்டிப்போனான்.  தணிகாசலத்தின் மனைவி மனோரஞ்சிதம்தான் முதலில் பேசினார்.

“டைல்ஸ் ஒட்டறவன் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவான். என்ன செய்யறதா இருந்தாலும் அதுக்குள்ள முடிவெடுங்க.”

ஐந்து மணிக்குள் மூடியைப் போட்டு, சிமெண்டு பூசி, பெயர்த்த டைல்ஸுக்குப் பதில் மாடியில் மிச்சமிருந்தவற்றைப் பதித்து முடித்தார்கள். சிமெண்டு காய்ந்ததும் மனோரஞ்சிதம் தண்ணீர் தெளித்து, அதன்மேல் ஒரு பெரிய கோலத்தைப் போட்டார்.

வரவேற்பன்று இரண்டாம் பந்தியில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, பந்தலின் காலோடு காலாக நின்ற காற்றுக்குழாயிலிருந்து தேசிங்கின் குரல் கேட்டது. அதில் வலியில்லை, கோபமில்லை, வேலையை முடித்துவிட்டுக் கைகழுவத் தண்ணீர் கேட்பவனின் பணிவே இருந்தது.

“சார், வேல முடிஞ்சிச்சுங்க. ஏணியக் காணோம். கொஞ்சம் ஏணி எறக்கறீங்களா?”

 மனோரஞ்சிதம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு குழாயின் அருகே போனார்.

“பந்தி நடக்குதுப்பா. கொஞ்சம் பொறு.”

“சரிங்கம்மா. பொறுமையா ஆகட்டும்.”

“யாருங்க அது?” என்று இலையில் அமர்ந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர் கேட்டார். “வேலையாளு. கீழ இருக்கான்” என்றார் மனோரஞ்சிதம். பெரியவருக்கு அந்த விடை போதுமானதாக இருந்தது. அப்பளம் இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் காலையில்தான் வியப்புக்குரியது எதுவென்று வீட்டார் கண்டுகொண்டார்கள். ஆனால் அவர்கள் வியந்தது குரலைக் குறித்து அன்று. ஊரே வந்து உண்டு, உபாதை கழித்துவிட்டுப் போயிருந்தும், கோப்பையில் ஊற்றிய தண்ணீர் ‘மடக்’கென்று விழுங்கப்பட்டுச் சுவடில்லாமல் போயிற்று, காற்றுக்குழாயிலிருந்து நாற்றம் வராமல், விடியற்காலைக் குளத்தில் அல்லி கூம்பும்போது எழும் குளிர்ந்த பச்சை மணம் வந்தது. தணிகாசலம் அதை இரண்டுமுறை நுகர்ந்து பார்த்துவிட்டு, ஏணிக்குச் சொல்லியனுப்ப எடுத்த கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

தேசிங்கின் மனைவி அஞ்சலாட்சி அன்று முற்பகல் வந்தாள். ஜெயசீலன் அவளிடம் எதையும் சொல்லவில்லை; மூன்று இரவுகள் கணவன் வீடு திரும்பாததால் அவன் வேலைக்குப் போன தெருக்களையெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்தாள்.

“அப்படி யாரும் இங்க வரலையேம்மா” என்றார் தணிகாசலம்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. புங்கமரத்தின் கவட்டையில் நான்காக மடிந்திருந்த நீலக் கட்டச் சட்டையைப் பார்த்தாள். “அது எங்க வூட்டுக்காரர் சட்ட. நான்தான் பித்தான் தெச்சன். மூணாவது பித்தான் வேற கலரு” என்றாள். அவள் சொல்லி வாய்மூடுவதற்குள் குழாயிலிருந்து, “அஞ்சல, இங்கதான் இருக்கன். சாப்ட்டியா?” என்று கேட்டது.

அவள் அழவில்லை. குழாயைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் வைத்து, “யோவ் மாமா, அங்க இன்னாய்யா பண்ற, ஏறி வாய்யா” என்றாள்.

“ஏணி இல்ல அஞ்சல. சார் பாத்துக்கிட்டிருக்காரு.”

காவல் நிலையத்திற்குப் போனாள். இறந்துவிட்டானா என்று கேட்டார்கள். இல்லை, பேசுகிறான் என்றாள். காணாமற்போனானா என்று கேட்டார்கள். இல்லை, எங்கே இருக்கிறான் என்று தெரியும் என்றாள். அடைத்துவைத்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஏணி கேட்டிருக்கிறான், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். இறவாதவனும் தொலையாதவனும் காத்திருப்பவனுமாகிய ஒருவனுக்குரிய பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை என்று, தண்ணீர் கொடுத்து, அன்போடு திருப்பியனுப்பினார்கள்.

தணிகாசலமும் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒவ்வொருமுறையும் ஒரு காரணத்தைக் கொடுத்தே அனுப்பினார். முதலில், மிச்சமிருந்த டைல்ஸெல்லாம் பதித்தாகிவிட்டதால் இனி உடைத்தால் அதே நிறத்தில் வேறு கிடைக்காது என்றார். கடைக்காரனுக்குச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். பிறகு மார்கழி பிறந்தது. மார்கழியில் வாசலை வெட்டுவார்களா என்று கேட்டார். தையில் அவருடைய மருமகள் யாழினி கருவுற்றாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவரில் ஓர் ஆணியைக்கூட அடிக்க மாட்டார்கள். கடப்பாரை விழும் இடத்தில் குழந்தையின் உதடு பிளக்கும் என்பார்கள். “நீயும் பெத்தவதானே. உனக்குத் தெரியாததா?” என்று மனோரஞ்சிதம் கேட்டபோது, அஞ்சலாட்சியால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

அதே தை மாதத்தில் தெருவை நீளவாக்கில் தோண்டினார்கள். இரண்டாம் தெருவிலிருந்த வீடுகளனைத்தும், பிறகு முதல் தெருவும், பிறகு மூன்றாம் தெருவும் தத்தம் கழிவுக்குழாயைத் தணிகாசலம் வீட்டுத் தொட்டியோடு இணைத்துக்கொண்டன. தெருவை வெட்டுவது வீட்டை வெட்டுவதாகாது என்று ஜோசியர் தெளிவுபடுத்தியிருந்தார். எத்தனை வீடுகள் இணைந்தாலும் தொட்டி நிறையவில்லை. மாறாக, அல்லி மணம் வளைவுவரை பரவிற்று. மனைகளின் விலை உயர்ந்தது. கழிவுநீர் லாரி அந்தப் பக்கமே வராதது கண்டு பக்கத்து நகரத்தார் பொறாமைப்பட்டார்கள்.

தேசிங்கைக் குறித்து அவர்கள் அக்கறையில்லாமல் இருந்தார்கள் என்று சொல்வது பிழை. முதலில் அவன் நாள்தோறும் ஏணி கேட்டான். பிறகு வெளிச்சம் கேட்டான். பிறகு சோப்பு கேட்டான், அதைத் துண்டு துண்டாக நறுக்கி, கொசுவலையை விலக்கிக் குழாய் வழியே போட்டார்கள். கடைசியில், “ஆசிட் ஊத்தறன்னிக்கு மட்டும் முன்னாடியே சொன்னீங்கன்னா நான் ஓரமாப் போயிக்கிறன்” என்று கேட்டான். நலச்சங்கம் அதை விவாதித்து, சனிக்கிழமை தவிர வேறு நாளில் எந்த வீட்டிலும் ஆசிட் ஊற்றலாகாது என்றும், ஊற்றுமுன் காற்றுக்குழாயைத் தட்டி அறிவிக்க வேண்டும் என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தது. தங்களைப்போல ஒரு தொழிலாளியை மதிக்கிறவர்கள் உண்டா என்று அன்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். குழந்தைகள் குழாயில் பிஸ்கட்டைப் போட்டு, “தேசிங்கு, வுழுந்துச்சா?” என்று கத்துவார்கள், “வுழுந்துச்சு தம்பி, நல்லா படிங்க” என்று பதில் வரும்.

பங்குனி வெயிலில் ஒருநாள் அஞ்சலாட்சி கடப்பாரையோடு வந்தாள். கூட அவளுடைய அண்ணன்மார் இருவரும் வந்தார்கள். திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, கோலத்தின் நடுவே கடப்பாரையை ஊன்றினாள். தணிகாசலம் காவல் நிலையத்தைக் கைபேசியில் அழைத்தார். அத்துமீறி நுழைவதற்குப் பிரிவு இருந்தது. ஆனால் காவலர் வருவதற்குள் மனோரஞ்சிதம் வேறொன்றைச் செய்தார். உள்ளே படுத்திருந்த மருமகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து, கோலத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதில் உட்காரவைத்தார்.

“வெட்டும்மா. தாராளமா வெட்டு” என்றார்.

யாழினியின் வயிறு அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. அவள் வெறுங்காலைத் தரையில் வைத்திருந்தாள். “அத்தை, கீழ அவர் நடக்கிறது என் காலுக்குத் தெரியுது. நான் எந்திரிச்சுக்கறேன்” என்று எழப்போனவளின் தோளை மனோரஞ்சிதம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“என்னா அஞ்சல அங்க? ஏணி வந்திடுச்சா?” என்று குழாய் கேட்டது.

அஞ்சலாட்சி அந்த இளவயிற்றைப் பார்த்தாள். தன் கையிலிருந்த இரும்பைப் பார்த்தாள். “இல்ல மாமா. அந்தப் பொண்ணு மாசமா இருக்குது. அது பெத்துப் பொழைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை அண்ணனிடம் கொடுத்தாள். இரக்கமுள்ள பெண் என்று நகரத்தார் அவளைப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, அன்றே கேட்டுக்குப் புதுப்பூட்டை வாங்கிப் போட்டார்கள்.

அதன்பின் அவள் மாலைதோறும் வந்தாள். தணிகாசலம் பூட்டைத் திறந்து உள்ளே விடுவார். அவள் குழாயடியில் நின்று பேசிவிட்டுப் போவாள். சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது; சில நாள்கள் வரவில்லை. தேசிங்கு முதலில் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தான், பிறகு பேசாமற்போனான், அவன் பேசாமற்போன மறுநாளே மூன்று தெருக்களிலும் கோப்பைகள் நிறைந்து, தண்ணீர் மேலே ஏறி வந்து, குளியலறைத் தரையில் நின்றது. அப்போதுதான் தொட்டி எதனால் வற்றுகிறது என்பதை நகரம் கண்டுகொண்டது. அவள் பேசினால் அவன் கேட்பான். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்வரை தொட்டி விழுங்கும். உடனே ஆட்டோ அனுப்பி, காய்ச்சலோடு அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்து, குழாயருகே கிடத்தினார்கள். “மாமா” என்று ஒரு சொல் சொன்னாள். எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் ‘மடக்’கென்ற ஓசை கேட்டது.

அன்றுமுதல் அவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு குடையும் ஒரு தம்ளர் காப்பியும் நிரந்தரமாக்கப்பட்டன. காப்பித் தம்ளர் மட்டும் தனியாக வைக்கப்பட்டது. திருமணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மணவாளன் மூன்றாம் தெருவில் குடியிருந்தார், நல்ல மனிதர். குழாயில் வாய்வைத்துக் கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டுவதைக் கண்டு பொறுக்காமல், ஒரு மைக்கைக் கொண்டுவந்து கொடுத்து, காற்றுக்குழாயின் கொசுவலையை அகற்றிவிட்டு அதன் வாயில் ஒரு சிறிய ஒலிபெருக்கியைப் பொருத்தினார். “இனி நீ மெதுவாப் பேசினாலே போதும் தங்கச்சி. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி அவருக்குக் கேக்கும்” என்றார். அது உண்மையாகவே அப்படித்தான் கேட்டது.

அவள் பேசுவதைக் கேட்கப் பெண்கள் வாயிற்படிகளில் வந்து உட்கார்ந்தார்கள். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று செத்தது. கூரையில் ஓலை மாற்ற வேண்டும். சின்னவளுக்குக் கணக்கு வரவில்லை. ஒருநாள், “மாமா, பெரியவ வயசுக்கு வந்துட்டா” என்றாள்.  குழாய், “சடங்கு எப்ப? நான் வர வேணாமா அஞ்சல?” என்று கேட்டது. வாயிற்படிகளில் இருந்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் எழுந்து போய் ஏணி எடுத்துவரவில்லை. அடுத்த நாள் மாலை சற்று முன்னதாகவே வந்து நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் யாழினிக்கு ஆண்குழந்தை பிறந்தது. உதடு முழுமையாக இருந்தது. தாயும் சேயும் வீடுவந்த அன்று அஞ்சலாட்சி தணிகாசலத்தின் முன் வந்து நின்றாள். கையில் ஒன்றுமில்லை.

“கொழந்த பொறந்திடுச்சு சார்.”

தணிகாசலம் அன்று உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தார். மகிழ்ச்சியாக இருக்கும்போது அவர் தாராளமானவர். “நாளைக்கே ஏணி கொண்டாரச் சொல்றேன். கொத்தனாரையும் வரச்சொல்றேன். நீயே அவன்கிட்ட சொல்லிடு” என்றார். அவள் அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பின்னுக்கு நகர்ந்துகொண்டார்.

அவள் மைக்கைக் கையில் எடுத்தபோது அவளுக்குக் குரல் நடுங்கவில்லை. புதுப்பெண்ணின் குரலாக இருந்தது அது.

“மாமா, நாளைக்கு ஏணி வருதாம். சார் சொல்ட்டாரு. உன் சட்டயத் தொவச்சு வச்சிருக்கன், நீலக் கட்டம் போட்டது. மேல வந்ததும் மொதல்ல தண்ணி ஊத்தறன், அப்பறம் போட்டுக்க. இன்னும் ஒரே ஒரு ராத்திரி. பொறுத்துக்க.”

“சரி அஞ்சல. பொறுத்துக்கிறன்” என்றது குழாய், அத்தனை மாதங்களில் முதல்முறையாக அது சிரித்தது, அன்று மணம் மிகுந்து, பக்கத்து ஊர் மாடுகளெல்லாம் குளம் இருப்பதாக எண்ணிக்கொண்டு வளைவுவரை வந்து நின்றன.

அன்றிரவே நலச்சங்கம் கூடிற்று. தேசிங்கு மேலே வந்தால் தொட்டி என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். மூன்று தெருவின் கழிவும் எங்கே போகும் என்று இன்னொருவர் கேட்டார். வந்தவன் சும்மா இருப்பானா, யார் இறக்கினார்கள், யார் மூடினார்கள் என்று எங்காவது சொல்லமாட்டானா என்று மூன்றாமவர் கேட்டார். தணிகாசலம் தாம் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். “வாக்குத் தந்தது நீங்க தனிப்பட்ட முறையில. தொட்டி இப்ப பொதுவுல இருக்கு” என்றார்கள். அது முறையான வாதமாகவே அவருக்கும் பட்டது.

மறுநாள் அஞ்சலாட்சி துவைத்து மடித்த சட்டையோடு வந்தாள். கேட் பூட்டியிருந்தது. தெருவில் ஏணி இல்லை, கொத்தனார் இல்லை. தணிகாசலம் கேட்டுக்கு உட்புறம் நின்று, குழந்தைக்குப் பெயர்சூட்டும் நாள் நெருங்குவதையும், அதன்பின் வரும் மழையையும், மழைக்குப்பின் வரும் மார்கழியையும் விளக்கிவிட்டு, மைக்கின் வடத்தைக் கேட்டுக் கம்பியின் இடுக்கு வழியாக நீட்டினார்.

“பேசும்மா. காத்துக்கிட்டிருக்கான்.”

அவள் மைக்கை வாங்கவில்லை. கேட்டுக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்தில், சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டாள். “ஏணி” என்றாள். அன்று அவள் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

“அஞ்சல? ஏணி வந்திடுச்சா?” என்று குழாய் கேட்டுக்கொண்டே இருந்தது, இருட்டும் நேரத்தில் கேட்பதை நிறுத்திற்று. மறுநாள் தண்ணீர் ஏறியது. அதற்கு மறுநாள் குளியலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. பட்டுப்புடவைப் பெண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு புறவழிச்சாலைக்கு அப்பாலுள்ள முட்புதரைத் தேடிப் போனார்கள், போகும்போது அவளை ஏசினார்கள், திரும்பிவரும்போது கெஞ்சினார்கள். “உன் புருஷன் உள்ள கெடந்து தவிக்கிறான், நீ வாயத் தொறக்காம உக்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?” என்று மனோரஞ்சிதம் கேட்டார். அவள் ஏதும் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குக் கேட்டுவிடும், கேட்டால் தொட்டி வற்றிவிடும், வற்றினால் ஏணி வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் உதட்டைப் பற்களால் கவ்விக்கொண்டு, சட்டையின் மூன்றாவது பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பெயர்சூட்டும் நாளன்று காலையில் தொட்டிலின் கால் நனைந்தது. தணிகாசலம் தோற்றுப்போனார். ஏணிக்கு ஆளனுப்பினார், கொத்தனார் வந்து, உளியைக் கோலத்தின் நடுவே வைத்தான். அஞ்சலாட்சி எழுந்து நின்றாள். வாயிலில் சாய்ந்திருந்த யாழினி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, “கொத்துங்க அண்ணா” என்று மெதுவாகச் சொன்னாள். முதல் டைல் பெயர்ந்தது.

அப்போதுதான் மணவாளன், கணுக்கால் நீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், யாருக்கும் உதவ முடிகிறது என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

“சார், ஒரு நிமிஷம். என் மிஷினு பேசறதையெல்லாம் தானாவே பிடிச்சு வச்சுக்கும். கடைசியா அந்தத் தங்கச்சி பேசினது அப்படியே கார்டுல இருக்கு. போட்டுப் பாக்கலாமா?”

உளி நின்றது. மணவாளன் பொத்தானை அழுத்தினார். காற்றுக்குழாயின் வாயிலிருந்த சிறிய ஒலிபெருக்கியிலிருந்து, புதுப்பெண்ணின் குரலில், நடுக்கமில்லாமல், அது கேட்டது.

“மாமா, நாளைக்கு ஏணி வருதாம். சார் சொல்ட்டாரு. உன் சட்டயத் தொவச்சு வச்சிருக்கன்…”

கீழிருந்து ஓர் ஆழ்ந்த மூச்சு வந்தது.

“சரி அஞ்சல. பொறுத்துக்கிறன்.”

மூன்று தெருக்களிலும் ‘மடக்’கென்ற ஓசை கேட்டது. கூடங்களிலிருந்து தண்ணீர் வழுக்கிக்கொண்டு பின்வாங்கிற்று. தொட்டிலின் கால் வெளிப்பட்டது. அல்லி மணம் எழுந்தது. கொத்தனார் பெயர்த்த டைலைத் திருப்பிப் பார்த்தான், உடையவில்லை, இருந்த இடத்திலேயே பொருத்தினான். பாதி வழியில் வந்துகொண்டிருந்த ஏணியை அப்படியே திருப்பியனுப்பினார்கள்.

அஞ்சலாட்சி பாய்ந்துவந்து கேட்டைப் பிடித்து உலுக்கினாள். அத்தனை நாளும் பற்களுக்கிடையே கவ்வி வைத்திருந்த வாயைத் திறந்தாள்.

“மாமா! அது நான் இல்ல! நான் இங்க இருக்கன், கேட்டாண்ட இருக்கன்! ஏணி வராது மாமா, நம்பாத!”

நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார், பெண்கள் தாம்பாளங்களை எடுத்தார்கள். யாழினி மட்டும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டு மனோரஞ்சிதம் அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போனாள்.

“அஞ்சல” என்றது குழாய். “கேட்டாண்ட யாரோ ஒரு பொம்பள கத்துது. நீ சொன்னது சரியா காதுல வுழல. இன்னொரு தபா சொல்லு.”

மணவாளன் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தார். தணிகாசலம் தொட்டிலைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். மணவாளன், கீழே இருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்ற கரிசனத்தோடு, ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்து, பொத்தானை மறுபடியும் அழுத்தினார்.

“மாமா, நாளைக்கு ஏணி வருதாம்.”